சாமியிடம் அண்ணி கேட்காத கேள்வி

மானிட்டர் இருந்த அட்டைப்பெட்டியை பஸ்ஸின் மேல் ஏற்ற அண்ணி விடவில்லை. "மேல போட்டா எழுபது வளைவுக்கும் எழுபது உருட்டு உருளுமுங்க, நான் மடியிலயே வெச்சுக்கறேன்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டார். காளப்பநாயக்கன்பட்டியில் கிளம்பிய பஸ் அடிவாரம் தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் பாதிப்பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். அண்ணி மூடவில்லை. பெட்டிக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, கீழே வயலும் தென்னந்தோப்பும் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி வந்தார். பக்கத்தில் சிபியூ பெட்டியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தினமும் பார்க்கிற மலையை இப்படியா பார்ப்பார்கள் என்று மனதுக்குள் கேலி செய்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்போம்; எங்கள் வீடு திண்ணனூர் நாட்டில், ரோடு முடிந்து கால்மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் நடக்கிற தூரத்தில். அண்ணனுக்கு மிளகும் மரவள்ளியும்தான் உலகம். நான் நாமக்கல்லில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டு, வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை மலைக்கு வந்து பெரிய விஞ்ஞானி மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன். அண்ணி, மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். நான் சொல்வது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது அவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும்.

அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. முதலில் பக்கவாட்டில் வருகிற ஆள் தெரியவில்லை. பிறகு கரும்பலகையில் தான் எழுதிய வரியின் தொடக்கம் தெரிந்தால் முடிவு தெரியவில்லை. "ஊதுகுழல் வழியாப் பாக்கற மாதிரி இருக்குது தம்பி" என்பார், சாதாரணமாக, ஏதோ உப்புக் குறைந்துவிட்டது என்று சொல்வதைப்போல. சேலத்தில் பார்த்த டாக்டர் ஒளிவுமறைவு வைக்கவில்லை. இதற்கு மருந்து கிடையாது, இன்னும் ஓரிரண்டு வருஷத்தில் அந்த ஊதுகுழலும் அடைபட்டுவிடும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் அங்கேயே நாற்காலியில் சரிந்து அழுதார். அண்ணி மட்டும் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "கண்ணு தெரியாதவங்க எப்படிங்க எழுதறாங்க?" கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை அதுவே குரலில் படித்துக் காட்டும், தமிழும் படிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி மலையேறினார்.

பள்ளியின் தலைமையாசிரியர் நல்லவர். கீழ்நாட்டுக்காரர், மலைக்குக் கீழே சொந்த ஊர். நல்லவராக இருந்ததுதான் தொல்லை. "இனிமே வகுப்புல நின்னு சிரமப்படாதீங்க டீச்சர். ஆபீஸ்ல ஒரு நாற்காலி போடச் சொல்றேன். வேலையும் போகாது, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றிருக்கிறார். வேறொருவராக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அண்ணி, "நாற்காலியில உக்காரவாங்க சார் நான் டீச்சருக்குப் படிச்சேன்?" என்று கேட்டுவிட்டார். பேச்சு வளர்ந்து கடைசியில் ஒரு பந்தயம்போல முடிந்தது. ஏழாம் வகுப்புக்கு அரையாண்டுத் தமிழ் வினாத்தாளை அண்ணியே பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில், தலைமையாசிரியர் கண்முன்னால், யார் உதவியும் இல்லாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். முடிந்தால் வகுப்பு, முடியாவிட்டால் நாற்காலி. மூன்று மாதம் தவணை. வீட்டில் வைத்துப் பழகுவதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டர் பஸ்ஸேறியது.

காளப்பநாயக்கன்பட்டியில் அதை விற்ற பாய் நாலு விஷயம் தெரிந்தவர். எனக்குத் தொழில் பழக்கத்தில் ஏற்கெனவே தெரிந்த ஆள். "மெஷின் ரெடி. ஓஎஸ் எது போடட்டுங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி வேலை வாங்குகிற அடிப்படை ஏற்பாடுதான் அது. அது இல்லாவிட்டால் வெறும் தகரம். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் எனக்கு லினக்ஸ் என்கிற இலவச ஓஎஸ்மேல் பித்து. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பாடி விரட்டிக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் போடாதீங்க பாய், நான் ஊட்டுல போய்ப் பாத்துக்கறேன்" என்றேன். பாய் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "யாருக்கு மெஷினுன்னு மறந்துறாதீங்க தம்பி" என்றார். எனக்கு அது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். ஊரில் எல்லாரும் வைத்திருப்பது விண்டோஸ், வங்கியில் அதுதான், ரேஷன் ஆபீஸில் அதுதான், நமக்கு மட்டும் என்ன தனிக்கூத்து என்று கேட்டார். அண்ணனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நான் ஒன்றைச் சொன்னால் அவர் இன்னொன்றைச் சொல்வார், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மரவள்ளிக்கிழங்கு வெந்து இறக்கிவைத்தது ஆறிப்போகும்வரை சண்டை போட்டோம். நடுவில் உட்கார்ந்து கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்த அண்ணியிடம், "உனக்கு எது வேணும்?" என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் அண்ணன், "பூவாக்குக் கேட்டரலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் முடிவுக்கு வராத எதையும் இப்படித்தான் தீர்ப்பது. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமிக்கு முன்னால் போட்டு, சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூ சாமியின் வாக்கு. கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள். ஓஎஸ்ஸுக்குக் கேட்டது, எனக்குத் தெரிந்து, நாங்கள் மட்டும்தான். குலசாமி கோயில் பூசாரிக்கு ஒரே குழப்பம். "கேள்விய சாமிகிட்ட வாய்விட்டுச் சொல்லோணுமுங்க, என்னன்னு சொல்றது?" என்றார். அண்ணன் தலையைச் சொறிந்தார். வெள்ளை வந்தால் அண்ணன் சொன்னது, சிவப்பு வந்தால் தம்பி சொன்னது என்று சுருக்கமாகச் சாமிக்குத் தெரிவிக்கப்பட்டது. பூசாரியின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமியே லினக்ஸ் போடச் சொல்லிவிட்டதே! அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்து போட்டு முடித்தேன். குரல் வந்தது. அண்ணி கையைத் தட்டிச் சிரித்தார். அதோடு என் கடமை முடிந்தது என்று நாமக்கல்லுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

குற்றம் லினக்ஸில் இல்லை, என்னிடம் இருந்தது. கம்ப்யூட்டரை என் கைக்கும் என் காதுக்கும் ஏற்ற மாதிரி அமைத்துவிட்டுப் போயிருந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் ஒலித்து அடிக்கிற முறைதான் எனக்குப் பழக்கம், அதையே வைத்தேன். அண்ணி கல்யாணத்துக்கு முன்பே நாமக்கல்லில் தமிழ்த் தட்டச்சு படித்துப் பரீட்சையில் தேறியவர். அவருடைய பத்து விரலுக்கும் எந்த எழுத்து எங்கே என்று தூக்கத்திலும் தெரியும். இதை அவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டிருக்கிறேன், ஆனால் ஞாபகம் வரவில்லை. குரலையும் என் அவசரத்துக்கு ஏற்ற வேகத்தில் விட்டிருந்தேன். மரங்கொத்தி கொத்துகிற மாதிரி அது பாட்டுக்குப் படபடத்தது.

பதினோரு நாள் அண்ணி அதோடு போராடியிருக்கிறார். பள்ளி விட்டு வந்து, அடுப்பு வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தால் அண்ணன் கூப்பிட்டால்கூட எழுந்திருக்க மாட்டாராம். அடுத்த முறை நான் போனபோது முகத்தில் கோபம் இல்லை. "அம்மான்னு அடிக்க எதுக்குத் தம்பி இங்கிலீசு எழுத்து?" என்று மட்டும் கேட்டார். நான் பழகிவிடும், பொறுங்கள், பொறுத்தார் பூமியாள்வார் என்றெல்லாம் அளந்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"தட்டச்சு மெஷினுன்னா எல்லாம் ஒண்ணு. இதுவும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன் தம்பி. தப்பு என்னுது. நாளைக்குப் பாய் கடைக்குப் போலாம். மத்ததையும் போட்டுக் காட்டச் சொல்லு. ரெண்டையும் நானே பாத்துக்கறேன்."

இதைக் கேட்டு என்னைவிட அண்ணன்தான் அதிகம் அரண்டார். அவர் சொன்னதுதான் ஜெயிக்கப் போகிறது என்றாலும் அவருக்கு அது வேண்டாம். பூவாக்குக் கேட்டபிறகு மாறி நடப்பதா? கேட்ட வாக்கைத் தள்ளினால் அடுத்த தடவை சாமி நமக்கு வாய் திறக்குமா? "குடும்பத்துக்கு ஆகாதும்மா" என்றார். அவருக்கு இருந்தது பயம்தான், அதில் வேஷம் எதுவும் இல்லை.

அண்ணி நிதானமாகப் பதில் சொன்னார். "அண்ணன் சொன்னதா தம்பி சொன்னதான்னு கேட்டீங்க. சாமி தம்பின்னு சொல்லிருச்சு. உங்க ரெண்டு பேரு வழக்கும் தீந்துபோச்சுங்க. எனக்கு எது ஆகும்னு யாரு கேட்டா?"

"சரி, உனக்குன்னே கேட்டரலாம்" என்றார் அண்ணன். ஏதோ வழி கிடைத்துவிட்ட மாதிரி எழுந்தே விட்டார். "எதுக்கு இந்த மெஷினு, அந்த மெஷினுன்னு அல்லாடணும்? வகுப்புல தொடரலாமா, ஆபீஸுக்குப் போயிரலாமான்னு ஒரே கேள்வியாக் கேட்டரலாம். வெள்ளை வந்தா வகுப்பு."

 அண்ணி முற்றத்தில் காயவைத்திருந்த மிளகைக் கையால் பரப்பிவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"அத மட்டும் நான் கேக்க மாட்டேனுங்க. சிவப்பு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.  என் அண்ணிக்குச் சாமி பக்தி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. செவ்வாய், வெள்ளி தவறாமல் விளக்கு வைக்கிறவர். சாமி சொன்னால் மீற மாட்டார். மீற மாட்டார் என்பதால்தான் கேட்க மறுத்தார். மனஉறுதி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதும் அதில் சேர்த்தி என்று அந்த முற்றத்தில்தான் புரிந்தது.

மறுநாள் காலையில் சிபியூ பெட்டியோடு கிளம்பியபோது அண்ணி கோயில் வழியாகப் போகலாம் என்றார். பூசாரி இலையைப் பறிக்கப் போனார். "பூவெல்லாம் வேண்டாமுங்க. இன்னைக்கு நான் கேக்க வரல, சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றார் அண்ணி. சாமிக்கு முன்னால் நின்று உதடு அசையாமல் ஏதோ சொல்லிவிட்டுத் திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார். என்ன சொன்னார் என்று அண்ணன் கேட்கவில்லை. கோயிலை விட்டு வெளியே வந்தபோது அண்ணன் முகத்தில் பயம் கொஞ்சம் தணிந்திருந்தது.

பாய் கடையில் அன்று பகல் முழுக்க அண்ணியின் ராஜ்யம்தான். இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இரண்டிலும் தமிழ்த் தட்டச்சு முறையைப் போடச் சொன்னார், குரலை மெதுவாக்கச் சொன்னார். பாய்க்குப் பத்து நிமிஷத்தில் அது முடிந்தது. நான் பதினோரு நாள் கெடுத்ததை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். "எதுல எது இருக்குதுன்னு யாரும் சொல்லக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு திரையையும் அணைக்கச் சொன்னார். மிச்சமிருக்கிற கொஞ்சப் பார்வையையும் நம்பக்கூடாது, அது கடைசிவரைக்கும் கூட வராது என்றார்.

இருட்டான திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரே வேலையை இரண்டிலும் செய்தார். புதுப் பக்கம் திறப்பது, ஒரு கேள்வி அடிப்பது, வேண்டுமென்றே ஒரு பிழை விட்டு அதைக் காதால் தேடித் திருத்துவது, பேர் வைத்துச் சேமிப்பது, மூடிவிட்டு மறுபடி தேடி எடுப்பது. தடுமாறினால் பாய் உதவ வருவார். "இருங்க பாய், நானே வாரேன்" என்று தடுத்துவிடுவார். டீ ஆறியது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேலையை மறந்து நின்று பார்த்தார்கள். சாயங்காலம் இரண்டிலும் எல்லாமே முடிந்தது. இரண்டும் நன்றாகத்தான் பேசின, இரண்டும் நன்றாகத்தான் எழுதின. நானும் அண்ணனும் சொத்துத் தகராறு மாதிரி முட்டிக்கொண்ட விஷயம் இவ்வளவுதானா என்று இருந்தது.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. ஆனா வலதுகைப் பக்கத்து மெஷினைப் போட்டதும் ஒரு சத்தம் வந்துச்சுங்களே, அதே சத்தம் எங்க பள்ளிக்கூடத்து மெஷினுலயும் வரும். அங்கதானே நான் உக்காந்து அடிக்கோணும்? அப்ப இதையே போட்டுருங்க" என்றார் அண்ணி.

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். வலது பக்கம் இருந்தது விண்டோஸ். பரீட்சை நடக்கப்போவது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில். அதில் என்ன இருக்கிறது என்ற ஒரே கேள்வி போதும், அதைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை. சாமிவரைக்கும் போனோம், பள்ளிக்கூடம்வரைக்கும் போகவில்லை. அசடு வழிந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மீதி இரண்டரை மாதம் அண்ணி தினமும் உட்கார்ந்தார். திரையைப் போடவே மாட்டார். மழை நாட்களில் மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். அடித்தது பாதியில் அழிந்தால் மறுபடி முதலிலிருந்து அடிப்பார். ஒருநாள் மூன்று தடவை அழிந்து, விசைப்பலகையின் மேலேயே தலையை வைத்து அழுததை அண்ணன் பார்த்திருக்கிறார். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "ஒண்ணும் சொல்லாதீங்க, கரண்டு வந்ததும் கூப்புடுங்க" என்றாராம். படித்துக் காட்டுகிற குரலைப் பென் டிரைவில் ஏற்றி, பள்ளியிலும் செருகிப் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு உதவிக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

இன்று அந்த ஊதுகுழலும் அடைபட்டுவிட்டது. அண்ணிக்கு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். அந்தக் கம்ப்யூட்டர் செத்து அடுத்ததும் வந்தாயிற்று. போன மாதம் என் வீட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்கியபோது, முதல் வேலையாக என் மனைவியையும் மகளையும் உட்காரவைத்து, இதில் நீங்கள் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். இதற்குப் போய் இவ்வளவு விசாரணையா என்று மகள் சிரித்தாள். அவளுடைய பெரியம்மா என்னை எங்கெங்கே அலைய வைத்தார் என்று அவளுக்கு என்ன தெரியும்.

வினாத்தாள் அடித்த நாளைப் பற்றி அண்ணி என்னிடம் அதிகம் பேசியதில்லை. தலைமையாசிரியர்தான் பிற்பாடு, ஓய்வுபெற்றுப் போகும்போது, சொன்னார். அண்ணி இரண்டு மணிநேரத்தில் அடித்து முடித்து, அச்செடுத்து நீட்டினாராம். தலைமையாசிரியர் சிவப்புப் பேனாவோடு வரி வரியாகப் பார்த்தாராம். பேனாவுக்கு வேலை இல்லை. பதினேழாவது கேள்வியில் மட்டும் நின்றுவிட்டார்: 'பலாப்பழம் பழுத்துவிட்டது என்பதைக் கண்ணால் பார்க்காமல் அறிய மூன்று வழிகளை எழுதுக.'

"வாசனை ஒண்ணு. தட்டிப் பார்த்தா சத்தம் மாறும், ரெண்டு. மூணாவது என்ன டீச்சர்? எனக்கே தெரியலையே" என்று கேட்டிருக்கிறார்.

"பரீட்சை முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கற திங்கக்கெழம மொத பீரியடு ஏழாம் வகுப்புக்கு வாங்க சார். பிள்ளைங்க சொல்லுவாங்க."

அவர் போனார். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். அண்ணி கேள்வியைக் கேட்டதும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "முள்ளத் தடவிப் பாத்தா மழுங்கி, விரிஞ்சு இருக்குமுங்க டீச்சர், வெரலுக்குத் தெரியுமுங்க" என்று சொல்லியிருக்கிறாள். தெரிந்துகொள்ள வந்தது தெரிந்துவிட்டது, போய் ஆபீஸ் வேலையைப் பார்க்கலாம் என்று அவர் சத்தமில்லாமல் எழுந்தாராம். பெஞ்சு லேசாகக் கிறீச்சிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்த அண்ணி திரும்பாமலே சொன்னாராம்:

"உக்காருங்க சார், பீரியடு இன்னும் முடியல."